இருபது மில்லிமீட்டர் எஃகுத் தகடும் நான்கு அங்குலக் கிரைண்டரும்

கிள்ளான் வாசகரின் கேள்வி, 30 மார்ச் 2024

20 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகட்டை வீட்டில் வைத்து வெட்ட முடியாது என்பது என் கட்சி. காஸ் கட்டிங்கும் இல்லாமல், பிளாஸ்மா வெட்டு மெஷினும் இல்லாமல், நான்கு அங்குலக் கிரைண்டரால் வெட்டினேன் என்று சொல்பவர்கள் 5 மி.மீ. தகட்டைத்தான் வெட்டியிருப்பார்கள். உண்மையாகவே வெட்டியவர் இருந்தால் எப்படி என்று விளக்கட்டும்.

30 மார்ச் 2024, இரவு

வெட்டலாம். 5 மி.மீ. அல்ல, 20 மி.மீ.யே வெட்டலாம். கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுக் கார் போர்ச்சில் 400 மி.மீ. சதுரமும் 20 மி.மீ. தடிப்பும் கொண்ட மைல்டு ஸ்டீல் (கரி குறைந்த சாதாரண எஃகு) தகடு ஒன்று இரண்டு வாரமாகக் கிடக்கிறது. செகாம்புட் பக்கத்தில் ஓர் இரும்புக் கடையில் மிச்சத் துண்டாக வாங்கியது. அதை வட்டமாக்கித் தோசைக்கல் செய்வதாக எண்ணம். வட்டமாகவே வெட்டித் தர முடியுமா என்று கடையில் கேட்டதற்கு, ஒற்றைத் துண்டுக்காக மெஷினை ஓட்ட மாட்டோம், பத்துத் துண்டு என்றால் வாருங்கள் என்றார்கள். பத்துத் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம், ஆகவே இந்தத் தகடு 25 கிலோ. இந்த எடையே பாதி உதவி, ஏனெனில் வேலை செய்யும்போது அது துள்ளாது.

வட்டத்தை வட்டமாகவே வெட்ட இயலாது. கிரைண்டரில் சுழலும் வெட்டு டிஸ்க் தடித்த தகட்டுக்குள் இறங்கிய பிறகு அது ஒரு நேர்க்கோட்டின் அடிமை. திருப்ப முயன்றால் உடைந்து முகத்துக்கு வரும். ஆகவே நேர்வெட்டுகளால் வட்டத்தை நெருங்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு புறமும் 117 மி.மீ. அளந்து, அந்த இரு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து மூலையை நீக்கினால் எண்கோணம் கிடைக்கும். அப்படி நான்கு வெட்டுகள், ஒவ்வொன்றும் 166 மி.மீ. எண்கோணத்தின் எட்டு முனைகளையும் நீக்கினால் பதினாறு கோணம். அங்கே ஒவ்வொரு வெட்டும் 80 மி.மீ. அந்தப் பதினாறையும் நீக்கினால் முப்பத்திரண்டு கோணம். அப்போது முனைக்கும் வட்டத்துக்கும் இடையே 1 மி.மீ. மட்டுமே மிஞ்சும். பதினாறு கோணம் வரைக்கும் மொத்த வெட்டு 1.3 மீட்டர். 105 மி.மீ. டிஸ்க் ஒரே பக்கத்திலிருந்து 20 மி.மீ. ஆழத்தை எட்டிவிடும் என்பதால், இது ஒரு சனிக்கிழமைக் காலை வேலை.

(இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிறகு விழுங்க நேர்ந்தது. 6 ஏப்ரல் குறிப்பைப் பார்க்கவும்.)

31 மார்ச் 2024

மதுரையிலிருந்து ஒருவர், கிரைண்டரில் மாவுதானே அரைப்போம், இரும்பை எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இங்கே நாங்கள் கிரைண்டர் என்பது கையில் பிடிக்கும் வெட்டுக் கருவியை. மாவு அரைப்பதையும் கிரைண்டர் என்றுதான் சொல்வோம். இரண்டும் ஒரே தோசைக்காகத்தான் ஓடுகின்றன என்பதால் குழப்பத்துக்கு நானும் ஒரு காரணம்.

1 ஏப்ரல் 2024

ஈப்போ நண்பர் ஒருவர், டிஸ்க்கை மறைத்திருக்கும் காவல் தகட்டைக் கழற்றிவிட்டு நான்கு அங்குலக் கிரைண்டரில் ஏழு அங்குல டிஸ்க்கை மாட்டினால் ஆழப் பிரச்சினை தீரும் என்று எழுதியிருக்கிறார். தம் பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். பட்டறையில் எல்லாரும் செய்வதை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய கன்னத்தில் அதன் தழும்பையும் பார்த்திருக்கிறேன்.

காரணம் வெறும் பெருக்கல்தான். என் கிரைண்டரின் மேல் நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று எழுதியிருக்கிறது, அதாவது விநாடிக்கு 200 சுற்று. 105 மி.மீ. டிஸ்க்கின் சுற்றளவு 33 செ.மீ.; ஆகவே அதன் விளிம்பு விநாடிக்கு 66 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண வெட்டு டிஸ்க்குகளின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் விநாடிக்கு 80 மீட்டர். 180 மி.மீ. டிஸ்க்கை அதே 12,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு 113 மீட்டர் வேகத்தைத் தொடும். பிசினும் உராய்வுத் துகளும் கண்ணாடி நார் வலையும் சேர்த்து அழுத்தியதுதான் டிஸ்க்; மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால், அது தாங்க வேண்டிய இழுவிசை அனுமதித்ததைப் போல் இரு மடங்காகிறது. ஏழு அங்குலக் கிரைண்டரை 8,500 சுற்றுக்கு மட்டுப்படுத்தி வைத்திருப்பதும் இதனால்தான். கணக்குப் போட்டால் சரியாக 80 மீட்டரில் வந்து நிற்கும். துளை அளவும் ஒத்துவராது: சிறியதற்கு 16 மி.மீ., பெரியதற்கு 22 மி.மீ.க்குச் சற்று மேல். இடைவெளியை வாஷர் போட்டு நிரப்பினேன் என்று அடுத்த பதிலில் யாரும் எழுதிவிட வேண்டாம்.

டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. பிசின் ஈரத்தில் பலமிழக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. என் டப்பாவில் 2019 என்று பொறித்தவை நான்கு கிடந்தன; அவற்றைக் குப்பையில் போட்டேன். மகள் அவற்றில் ஒன்றை எடுத்துத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்திருக்கிறாள், அந்த வேகத்துக்கு அது தாங்கும்.

1 ஏப்ரல் 2024, பின்னிரவு

விட்டுப்போனது ஒன்று. 14 கிலோ காஸ் தோம்பு (சிலிண்டர்) சமையலறைப் பின்கதவுக்கு அருகில் இருப்பவர்கள் பின்கட்டில் வெட்ட வேண்டாம். நான் போர்ச்சில் வெட்டுவதற்கு அதுவே காரணம். கைலியும் வேண்டாம், பாலியெஸ்டர் சட்டையும் வேண்டாம். பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி, கண்ணாடி, அதன் மேல் முகக் கவசம். வெட்டி முடித்த பிறகு அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பொறி ஒரு துணி மூட்டைக்குள் போய் உட்கார்ந்தால் உடனே காட்டிக்கொடுக்காது.

6 ஏப்ரல் 2024

முதல் மூலை வந்துவிட்டது, 1 மணி 40 நிமிடத்தில். 30 மார்ச் குறிப்பில் நான் எழுதியதில் இரண்டு தவறுகள்.

முதலாவது, ஆழம். புதிய 105 மி.மீ. டிஸ்க் 20 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே எட்டும் என்பது உண்மைதான். ஆனால் டிஸ்க் தேயும். பாதி வெட்டுவதற்குள் அதன் விட்டம் 90 மி.மீ.க்கு வந்துவிடுகிறது; பிறகு கிரைண்டரின் தலை தகட்டின் மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது. எனவே இரு பக்கமும் கோடு போட்டு, இரு பக்கமிருந்தும் 9 மி.மீ. வீதம் இறங்கி, நடுவில் 2 மி.மீ. எஃகை விட்டுவைத்து, கடைசியில் சுத்தியலால் அடித்து முறிப்பதே வழி. முறிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மணி மணியாக ஒரு வரி தெரியும். இரு பக்கமும் கண்ணாடி போல் பளபளப்பு, நடுவில் உப்புத்தாள் போல் அந்த வரி.

இரண்டாவது, கோடு. மேல்பக்கக் கோட்டை மூலைமட்டம் வைத்து விளிம்பு வழியாகக் கீழ்ப்பக்கத்துக்கு இறக்காமல், கீழே தனியாக அளந்து போட்டேன். இரண்டு வெட்டுகளும் நடுவில் சந்திக்கவில்லை, 2 மி.மீ. படி ஒன்று விழுந்துவிட்டது. தேய்த்துச் சரிசெய்ய அரை மணி நேரம் போயிற்று. சாக்கட்டியால் போட்ட கோடு பொறி மழையில் ஐந்தே நிமிடத்தில் மறைந்துவிடும். எஃகு ஊசியால் கீறி, விரலிடைக்கு ஒரு சென்டர் பஞ்ச் (குழி குத்தும் கூர்முனை) அடையாளம் குத்திக்கொள்ள வேண்டும்.

வெட்டும் முறை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அழுத்திப் பிடித்து ஒரே இடத்தில் ஆழமாக இறங்குவது தவறு. கோட்டின் முழு நீளத்துக்கும் 1 மி.மீ. ஆழத்தில் முதல் தடம் போட வேண்டும். அதுவே பின்வரும் வெட்டுகளுக்கெல்லாம் வழித்தடம். பிறகு ஒவ்வொரு முறையும் 2 மி.மீ., முன்னும் பின்னுமாக, கிரைண்டரின் எடையே போதும் என்ற அளவுக்கு மட்டும். வெட்டின் ஓரம் முதலில் வைக்கோல் மஞ்சளாகவும் பிறகு நீலமாகவும் மாறினால், எஃகு 300 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வெட்டுவதை நிறுத்த வேண்டும். ஆனால் கிரைண்டரை அணைக்காமல், பாரமின்றி ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட வேண்டும். உள்ளே இருக்கும் விசிறி மோட்டாரைக் குளிர்விக்கும்.

டிஸ்க் கவ்விக்கொள்வதுதான் பயப்பட வேண்டியது. மூலை அறுந்துவிடும் தறுவாயில் தொங்கினால் வெட்டு வாயைச் சுருக்கும், டிஸ்க் சிக்கும், கிரைண்டர் கையை மீறித் துள்ளும். 1 கிலோ 80 கிராம் எடையுள்ள மூலை இது, விளையாட்டல்ல. தகட்டின் அடியில் இரண்டு பலகை, மூலையின் அடியில் தனியாக ஒரு பலகை, தகட்டின் மேல் இரண்டு கிளாம்ப். வெட்டுவதற்குச் செலவான நேரத்தை விடப் பலகையை நகர்த்தி, தகட்டைத் திருப்பி, கிளாம்ப் மாட்டியதற்குத்தான் அதிக நேரம் போயிற்று. எண்ணிப் பார்த்தால், கிரைண்டர் உண்மையில் ஓடிய நேரம் 25 நிமிடத்தைத் தாண்டாது.

மூன்று மணிக்கு மழை. ஏப்ரல் மாத மழை கோலாலம்பூரில் சொல்லிவைத்தது போல் வரும். மின் கருவியோடு ஈரத் தரையில் நிற்பதில்லை என்பதால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

7 ஏப்ரல் 2024

இரண்டாம் மூலையை ஹேக்சாவால், அதாவது கையால் இழுக்கும் இரும்பு அறுக்கும் வாளால், அறுத்தேன். இதற்குக் காரணம் அப்பா. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். தாத்தாவும் அங்கேதான், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்தப் பட்டறையின் மேல் குண்டு விழுந்த காலத்து ஆள். நேற்று முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, மாலையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இவ்வளவு சத்தம் எதுக்குப்பா?"

ஆகவே இன்று சத்தமில்லாமல். 12 அங்குல பிளேடு, அங்குலத்துக்கு 18 பல். தடித்த தகட்டுக்கு 32 பல் பிளேடு ஆகாது, 20 மி.மீ. தடிப்பில் ஒரே நேரத்தில் 25 பற்கள் கடித்துக்கொண்டு நிற்கும், சீவல் போக இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும், பிளேடு வழுக்கும். 18 பல்லில் 14 பற்கள் கடிக்கும். பொடி தாராளமாக வெளியேறும். மெல்லிய தகரத்துக்குத்தான் நுண்பல். அதிலும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும், இல்லையேல் பல் கொத்தோடு போய்விடும்.

பற்கள் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, பிளேடைத் தட்டினால் தந்தி போல் ஒலிக்கும் அளவுக்கு முறுக்க வேண்டும். மூலைக் கோடு விளிம்பை 45 பாகையில் சந்திப்பதால் பிளேடு தொடக்கத்தில் வழுக்கும். முக்கோண அரத்தால் ஒரு சின்ன வாய் செதுக்கிக் கொடுத்தால் உட்காரும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது மேலோட்டமாக. நான் நிமிடத்துக்கு எழுபது, எண்பது முறை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அப்பா, நாற்காலியின் கையில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். அதை எண்ணினேன்: நிமிடத்துக்கு 45. அந்தத் தாளத்துக்கு வந்த பிறகு பிளேடு பாட ஆரம்பித்தது. பொடிக்குப் பதில் சுருள் சுருளாகச் சின்னச் சீவல் விழுந்தது. வேகம் கூடினால் பல்முனை சூடேறி மழுங்கும், அவ்வளவுதான் இரகசியம். பத்து இழுப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

ஹேக்சாச் சட்டத்தின் உட்புற ஆழம் 85 மி.மீ. தான். 166 மி.மீ. வெட்டை ஒரு முனையிலிருந்து முடிக்க முடியாது, சட்டத்தின் முதுகு தகட்டில் இடிக்கும். இரு முனைகளிலிருந்தும் 83 மி.மீ. வீதம் வந்து நடுவில் சந்திப்பதாகத் திட்டம். முதல் பாதியில் 60 மி.மீ. போனபோது பிளேடு மழுங்கிவிட்டது. புதிய பிளேடை மாட்டி அதே வெட்டுக்குள் விடப் போனேன். அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். பழைய பிளேடின் பற்கள் பக்கவாட்டில் தேய்ந்திருப்பதால் அது அறுத்த தடம் குறுகல். புதிய பிளேடின் பற்கள் அகல விரிந்திருக்கும். அந்தத் தடத்துக்குள் விட்டால் சிக்கி உடைந்துவிடும். புதிய பிளேடு என்றால் மறு முனையிலிருந்து தொடங்க வேண்டும். நான் இருபது ஆண்டுகளாக ஹேக்சா பிடிக்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எத்தனை பிளேடுகள் உடைந்தன என்பது இப்போதுதான் புரிகிறது.

ஓய்வையும் சேர்த்து 55 நிமிடம். கிரைண்டரால் ஆனதை விட 45 நிமிடம் குறைவு என்பதைக் கிள்ளான் வாசகர் கவனிக்க வேண்டும். வலக்கை தோள்பட்டை இதை எழுதும்போது ஒத்துழைக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

8 ஏப்ரல் 2024

நேற்றைய ஒப்பீட்டில் நேர்மையில்லை என்று இருவர் சுட்டியிருக்கிறார்கள், சரிதான். முதல் மூலையில் தவறுகளும் இருந்தன, பலகை நகர்த்திய நேரமும் இருந்தது. இரண்டாம் மூலையை வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கியில்) நிமிர்த்திப் பிடித்துவிட்டேன், அது அசையவேயில்லை. அதனால் ஹேக்சா வென்றது என்று எழுதுவது தவறு, வைஸ் வென்றது என்று எழுதியிருக்க வேண்டும். தகடு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது.

வரிசையாகத் துளை போட்டு உளியால் பிரிக்கலாமே என்று கேட்டவருக்கு: 8 மி.மீ. டிரில் பிட், 9 மி.மீ. இடைவெளி என்றால், 400 மி.மீ. வட்டத்தைச் சுற்றி 140 துளைகள். ஒவ்வொன்றும் 20 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்றில். கை டிரில்லால் 140 துளை போடக்கூடியவருக்கு என் வணக்கம். தகட்டின் நடுவில் ஓட்டை வேண்டும் என்றால் அதுதான் வழி, வெளிவிளிம்புக்கு அல்ல. பிட் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் கவ்வி மணிக்கட்டைத் திருகும், அப்போது அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். டிரில் செய்யும்போது கையுறை போட வேண்டாம், சுழலும் பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும்.

9 ஏப்ரல் 2024

வீட்டுக் காஸ் அடுப்புக்குழாயில் டார்ச் மாட்டி வெட்டலாமா என்று பட்டர்வொர்த் வாசகர் கேட்கிறார். முடியாது. காஸ் கட்டிங் என்பது எஃகை உருக்குவது அல்ல, எரிப்பது. தீச்சுவாலை எஃகைச் செக்கச் செவேலென்று, ஏறக்குறைய 900 டிகிரிக்கு, ஏற்ற மட்டுமே செய்கிறது; பிறகு நடுத்துளையிலிருந்து பாயும் தூய ஆக்சிஜன் அந்த இரும்பைப் பற்றவைத்து ஆக்சைடாக்கி ஊதித் தள்ளுகிறது. இரும்பு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். அதன் ஆக்சைடோ அதற்கு முன்பே உருகி ஓடிவிடும். வெட்டு அவ்வளவு சுத்தமாக வருவது அதனால்தான். ஸ்டெயின்லெஸ் இப்படி வெட்டுப்படாததும் அதனால்தான்: குரோமியம் ஆக்சைடு உருகாமல் மேலே போர்வை போல் படிந்துவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாத டார்ச்சால் தகட்டைச் சூடாக்கலாம், தோசை சுடலாம், வெட்ட முடியாது.

வெல்டிங் ராடை அதிக ஆம்பியரில் வைத்து வெட்டிப் பார்த்தேனா என்று கேட்டவருக்கு: பார்த்தேன், பழைய 10 மி.மீ. துண்டு ஒன்றில். எலி கரும்பைக் கடித்தது போல் இருந்தது. ஒரு கால்வாயும், அதன் இரு கரையிலும் கசடும். வேறு வழியே இல்லாத போது ஒரு போல்ட் தலையைப் பிரிக்க அது உதவும்.

மர அறுவை வட்டரம்பத்தில் உலோக பிளேடு மாட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று: பிளேடின் மேல் எழுதிய உச்சச் சுழற்சி, மெஷினின் சுழற்சியை விட அதிகமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். மர வட்டரம்பங்கள் பெரும்பாலும் 5,000 சுற்றில் ஓடும். உலோகம் அறுக்கவே செய்த மெஷின்கள் அதை விடக் குறைவாகத்தான் ஓடும். மரப்பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

12 ஏப்ரல் 2024

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு அக்கம்பக்கத்தார் கம்போங்குக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்கு, போய்விட்டார்கள். தெரு அமைதி. மூன்றாம், நான்காம் மூலைகளை ஒரே காலையில் கிரைண்டரால் முடித்தேன், மூலைக்கு 40 நிமிடம். இம்முறை தகட்டை இரண்டு கான்கிரீட் கல்லுக்கு இடையில் இறுக்கி வைத்தேன். தேய்ந்த டிஸ்க்குகளை எறியாமல் வைத்திருந்து, முதல் 5 மி.மீ. ஆழத்துக்கு அவற்றையும், அதற்குக் கீழே புதியவற்றையும் பயன்படுத்தினேன். செலவு பாதியாகக் குறைந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எட்டு முனைகளையும் வெட்டிப் பதினாறு கோணமாக்கினேன். ஒவ்வொரு சீவலும் சுமார் 100 கிராம், பலாச்சுளை போன்ற வடிவம்.

அடுத்து, முப்பத்திரண்டு கோணம் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பதினாறு கோணத்தின் முனையில் நீக்க வேண்டிய துண்டின் அகலம் 4 மி.மீ. கூட இல்லை. டிஸ்க்குக்கு ஒரு பக்கம் எஃகு இருக்கிறது, மறுபக்கம் காற்று. அது பலவீனமான பக்கம் சாய்ந்து வளைகிறது. ஒரே முனையில் முயன்றேன், டிஸ்க்கின் ஓரம் பிய்ந்து முகக் கவசத்தில் கீறல் போட்டது. கவசம் இல்லாமல் நின்றிருந்தால் இந்தக் குறிப்பை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். மிச்சமிருந்த 4 மி.மீ. மேட்டை 6 மி.மீ. தடித்த அரைக்கும் டிஸ்க்கால் தேய்த்தேன். அதற்குப் பிறகு 60 எண் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய டிஸ்க்). வட்டம் வந்துவிட்டது. அப்பா ஒரு நூலை நடுப்புள்ளியில் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் விரலை வைத்தார். அங்கே அரை மில்லிமீட்டர் அதிகம். தோசைக்கு அது தெரியாது என்றேன். எனக்குத் தெரியும் என்றார். தேய்த்தேன்.

13 ஏப்ரல் 2024

ஒருவர் பழைய இரும்புக் கடையில் வாங்கிய தகட்டில் மூன்று பிளேடுகளின் பற்களை இழந்ததாக எழுதியிருக்கிறார். வெட்டுவதற்கு முன் விளிம்பில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அரம் கடித்துப் பொடி விழுந்தால் மைல்டு ஸ்டீல். கண்ணாடியின் மேல் போவது போல் வழுக்கினால் அது கடினப்படுத்திய எஃகு, லாரி ஸ்பிரிங்கோ மண்வாரி வாய்த்தகடோ ஆக இருக்கலாம். ஹேக்சாவுக்கு அங்கே வேலையில்லை. பொறியும் சொல்லும்: மைல்டு ஸ்டீல் பொறி நீளமாக, கோடு போல் போய் நுனியில் ஓரிரு கிளை விடும்; கரி அதிகமுள்ள எஃகின் பொறி மத்தாப்பு போல் அருகிலேயே வெடித்துச் சிதறும்.

அதே கையோடு: முலாம் பூசிய தகட்டைக் கிரைண்டரில் வெட்டுபவர்கள் காற்றோட்டமான இடத்தில் வெட்டவும், எரியும் துத்தநாகப் புகை இரவில் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். மூடிய தோம்பு, பழைய எண்ணெய் டின், காஸ் சிலிண்டர் எதையும், காலியாக இருப்பது போல் தெரிந்தாலும், வெட்ட வேண்டாம். சமையலுக்கான தகடு என்றால் சாயமோ முலாமோ இல்லாத புதிய துண்டாகவே வாங்கவும்.

15 ஏப்ரல் 2024

பக்கத்து வீட்டு அபாங் (மலாயில் அண்ணன்) கம்போங்கிலிருந்து திரும்பிவிட்டார். அவர்கள் ஒரு காரில் போயிருந்தார்கள். இன்னொன்று அவருடைய போர்ச்சிலேயே நின்றது, நான் வெட்டிய இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி. இடையில் இடுப்புயரச் சுவர். பொறி தரையோடு போகிறது என்றுதான் நினைத்தேன். கீழ்ப்பக்கத்தை வெட்டத் தகட்டைத் திருப்பிய பிறகு கிரைண்டரின் திசையும் மாறிவிட்டதை யோசிக்கவில்லை. முன்கண்ணாடி முழுவதும் பழுப்பு நிறப் புள்ளிகள். துடைத்தால் போகாது. நகத்தால் தடவினால் மணல் போல் உறுத்தும். சிவக்கச் சூடேறிய எஃகுத் துகள் கண்ணாடியின் மேற்பரப்பை உருக்கி உள்ளே பதிந்துவிடுகிறது. துகளைச் சுரண்டி எடுத்தாலும் குழி இருக்கும்.

அபாங் கோபப்படவில்லை. என்ன செய்தாய் என்று கேட்டார், காட்டினேன். ரொட்டி சானாய் போடலாமா இதில் என்றார். புதிய கண்ணாடிக்கு ஐந்நூற்று ஐம்பது ரிங்கிட் கொடுத்தேன்.

இனி வெட்டுவோர் பொறி போகும் பக்கத்தில் ஒரு பழைய தகரத்தை நிறுத்தி வையுங்கள். ஈரச் சாக்கும் போதும்.

16 ஏப்ரல் 2024

கணக்குக் கேட்டவர்களுக்கு: பதினொரு வெட்டு டிஸ்க் 33 ரிங்கிட், அரைக்கும் டிஸ்க்கும் ஃபிளாப் டிஸ்க்கும் 14, ஹேக்சா பிளேடு மூன்று 18, கண்ணாடி 550. கடைக்காரர் சொன்ன பத்துத் துண்டையே வெட்டச் சொல்லி ஒன்பதைத் தானம் செய்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கணக்கை நான் போடவில்லை.

கிள்ளான் வாசகர், தம் கூற்றைத் திரும்பப் பெறுவதாகவும், ஆனால் முன்கண்ணாடியையும் சேர்த்தால் அது சிறப்புக் கருவியின் விலைதான் என்றும் எழுதியிருக்கிறார். மறுக்க முடியவில்லை.

17 ஏப்ரல் 2024

புத்தாண்டன்று தோசை சுட்டீர்களா என்று கேட்பவர்களுக்கு: சுட்டோம், மதியம் சாப்பாட்டு நேரத்தில். 19.7 கிலோ எஃகை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஏற்ற 1,640 கிலோஜூல் வேண்டும். வீட்டு அடுப்பிலிருந்து கல்லுக்குள் உண்மையாகப் போய்ச் சேர்வது 1.5 கிலோவாட் என்று வைத்தாலும் 18 நிமிடம்; காற்றுக்குப் போவதையும் சேர்த்து எங்களுக்கு 30 நிமிடம் ஆயிற்று. சூடேறிய பிறகு அருமை. பத்துத் தோசை தொடர்ந்து ஊற்றினாலும் கல் சளைக்கவில்லை. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பில் இதை வைக்க வேண்டாம். எனக்கே 12 மி.மீ. போதுமாக இருந்திருக்கும், 12 கிலோவுக்குள் முடிந்திருக்கும், வெட்டும் வேலையும் பாதியாகியிருக்கும். மிச்சத் துண்டு மலிவாகக் கிடைத்தது என்பதைத் தவிர 20 மி.மீ.க்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

21 ஏப்ரல் 2024

இன்று காலை "சூராட் காபார் லாமா, பெசி பூரோக்" (பழைய செய்தித்தாள், பழைய இரும்பு) என்று ஒலிபெருக்கி வைத்த லாரி வந்தது. நான்கு மூலைகளையும் எட்டுச் சுளைகளையும் கொடுத்தேன். தராசு 4.8 கிலோ காட்டியது. சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையே இருந்தது 5.4 கிலோ. மீதி அறுநூறு கிராம் எஃகு, வெட்டு வாய்களிலிருந்தும் தேய்த்த முனைகளிலிருந்தும் பொடியாகப் போனது. எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை: பெருமளவு போர்ச்சின் வெள்ளை டைல்களில் இருக்கிறது. பெருக்கியதாக நினைத்திருந்தேன். வாரம் முழுவதும் பெய்த மழைக்குப் பிறகு தரை முழுவதும் துருப் புள்ளி, அம்மை போட்டது போல்.

அம்மா பித்தளைக் குத்துவிளக்குக்கு வைத்திருந்த புளியை எடுத்துக் கொடுத்தார். புளியும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் டைலின் மேலிருப்பது போகிறது, இணைப்புச் சிமெண்டில் ஊறியது போகவில்லை. முப்பத்தாறு டைல்களில் பதினான்கு முடிந்திருக்கின்றன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.